ஆயாவுக்கு ஒரு நாள்

விடுமுறை என்றால் ஓய்வு என்று அகராதியில் போட்டிருக்கிறது. அந்த அகராதியைத் தயாரித்தவர் வீட்டில் குழந்தைகள் இருந்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். நான்கு குழந்தைகள், முழங்கால் வலியோடு ஒரு பாட்டி, ஆளுக்கொரு கட்சியாக நான்கு பெரியவர்கள். இத்தனை பேரும் பத்து நாள் ஒரே வீட்டில் சந்தோஷமாக இருக்க வேண்டுமானால், ஐந்தாண்டுத் திட்டம் போட்ட மூளைகளே கொஞ்சம் திணறிப் போகும்.

சென்ற டிசம்பரில் எங்கள் லாஸ்பேட்டை வீட்டில் அப்படி ஒரு திட்டம் போட வேண்டி வந்தது. பிரான்ஸிலிருந்து அக்காவும் அத்தானும் இரண்டு குழந்தைகளுடன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று செய்தி. புதுச்சேரியில் இது ஒன்றும் அதிசயமல்ல. அத்தானின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா' என்று இங்கே மரியாதையாகச் சொல்வார்கள். 1962 ஆகஸ்டு 16-ம் தேதி இந்த ஊர் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அன்று அவர் போட்ட கையெழுத்தினால் இன்று என் அக்கா துலூஸ் நகரத்தில் இருக்கிறாள்.

அவள் பிள்ளைக்கு வயது 11, பெண்ணுக்கு 8. என் பெண்ணுக்கு 12, பிள்ளைக்கு 9. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்தான். ஆனால் அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது. இவர்களுக்கு பிரெஞ்சு சுத்தமாக வராது. என் தாயாருக்கும் அந்தப் பேரக் குழந்தைகளுக்கும் ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்து நடக்கும் சம்பாஷணையைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும்.

"சாப்டியா?"

"சாப்டேன் ஆயா."

அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பக்கமும் சிரிப்பு. பிறகு போன் கை மாறிவிடும். அம்மாவுக்கு இப்போது 77 வயது. இவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவர்கள். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு வந்தபோது பொறுப்பை எங்கள் சித்தப்பா எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்; ஆனால் ரயில்வே அட்டவணையைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பவர். ஒரு வேன் பிடித்து, கும்பகோணத்தை மையமாக வைத்து இரண்டே நாளில் ஒன்பது நவக்கிரக ஸ்தலங்கள், அப்புறம் தஞ்சாவூர், அப்புறம் மதுரை. அக்கா பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. வேனை விட்டு இறங்கும்போதெல்லாம், "இது எந்த கிரகம்?" என்று பிரெஞ்சில் கேட்டுக் கேட்டு, சனி பகவானிடம் வந்து சேர்வதற்குள் வாந்தி எடுத்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே அம்மா? முழங்கால் வலியோடு வேனில் ஏற முடியாமல் லாஸ்பேட்டையிலேயே தங்கிவிட்டாள். "பேரப் பிள்ளைங்க வந்தாங்க. நான் வீட்டுச் சாவியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று பின்னால் ஒரு நாள் கோபமில்லாமல் சொன்னாள். அந்தக் கோபமில்லாமைதான் என்னைச் சுட்டது.

ஆகவே இந்தத் தடவை அக்கா முன்கூட்டியே போன் செய்தாள். "இதோ பாரு, நாங்க கட்டலோனியாவில எப்படி இருப்பமோ அப்படி இருக்கணும்" என்றாள்.

கட்டலோனியா என்பது ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கு மூலை. பார்சலோனா அதன் தலைநகர். பிரீனீஸ் மலையைத் தாண்டினால் பிரான்ஸ். துலூஸிலிருந்து காரில் அரைப் பொழுதுப் பயணம். கோடைதோறும் லெஸ்காலா என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து, பத்து நாளும் அங்கேயே இருப்பார்களாம். ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்குவது கிடையாது. நெத்திலி மீனை உப்பிலிடுவதற்குப் பேர் போன ஊர் அது. (இதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த ஊர்மேல் தனி மதிப்பு வந்துவிட்டது.)

அங்கே காலையில்தான் ஓட்டமெல்லாம். ஒரு நாள் கடலோரப் பாதையில் நடை. ஒரு நாள் சைக்கிள். ஓலோத் என்ற ஊருக்கும் ஜிரோனாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலை 1969-ல் நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அந்தப் பாதையை 50 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் வழியாக்கி வைத்திருக்கிறார்கள். மோட்டார் தொந்தரவு அதிகமில்லை. ஜிரோனாவை நோக்கி வந்தால் பெரும்பாலும் இறக்கம். முழுவதும் ஓட்ட வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்குவதில்லை. குழந்தைகள் களைத்த இடத்தில் நிறுத்திவிடலாம். ஓலோத் பக்கத்தில் சுமார் நாற்பது பழைய எரிமலைகள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தூங்குகின்றன. சாந்தா மார்கரீதா என்ற எரிமலையின் வாய்க்குள்ளேயே இறங்கிப் போகலாம். உள்ளே நெருப்புக்குப் பதிலாகப் புல்வெளி, நடுவில் ஒரு சின்ன மாதா கோயில்! ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் பேசப் பேச்சு.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பாடு. அப்புறம் கடைகள் சாத்தியிருக்கும், ஊரே படுத்திருக்கும். குழந்தைகளும் வேறு வழியின்றிப் படுக்கும். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் கடகடவென்று சிரித்தார். மத்தியானம் கடை சாத்தித் தூங்குவதைப் புதுச்சேரிக்காரனுக்கு ஸ்பெயின்காரன் வந்துதான் கற்றுக் கொடுக்க வேண்டுமா?

ஆக, வீடு எடுக்க வேண்டியதில்லை. எங்கள் லாஸ்பேட்டை வீடே லெஸ்காலா. சித்தப்பாவின் ஆட்சேபணையை மீறி அப்படித் தீர்மானமாயிற்று. ஆனால் நான் உடனே ஒரு நிபந்தனை போட்டேன். வீட்டிலேயே விடுமுறை என்றால் வீட்டிலிருப்பவளுக்கு அது இரட்டை வேலை என்று அர்த்தம். ஆகவே சமையல் காலையில் ஒரு முறைதான். ராத்திரி ரொட்டி. கட்டலோனியாவில் ரொட்டியின் மேல் பழுத்த தக்காளியைத் தேய்த்து, எண்ணெயும் உப்பும் விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தையும் அழுததாகத் தகவல் இல்லை. நம் ஊரில் நல்ல பிரெஞ்சு ரொட்டிக்கா பஞ்சம்? ஒரு நாள் அத்தான் உருளைக்கிழங்கு ஆம்லெட் செய்ய வேண்டும். தட்டு கழுவுவது ஆண் பிள்ளைகள். ஏகமனதாக நிறைவேறியது என்று சொல்ல மாட்டேன்; நிறைவேறியது.

இரண்டாவது ஏற்பாடு அக்காவுடையது. ஒரு நாள் வெளியே, ஒரு நாள் வீடு. வெளியே போகும் நாள் ஒவ்வொன்றும் ஒருவர் கையில். அவர் சொல்கிற இடம்தான், மற்றவர்கள் முணுமுணுக்கக்கூடாது.

பருவத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் இதமாக இருக்கும் என்றாலும், புதுச்சேரி வானத்தை நம்பி மோசம்போன பெரிய மனிதர்கள் உண்டு. லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி, சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760-ல் புறப்பட்டார். புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கையில் விழுந்துவிட்டதால் 1761-ல் நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்று பார்த்துப் பயனில்லாமல் போயிற்று. அடுத்தது 1769-ல். எட்டு வருஷம் கிழக்கே காத்திருந்தார்! 1768-ல் இங்கே வந்தார். கவர்னர் லா துரை நன்றாக உபசரித்தார். லாஸ்பேட்டைக்குப் பெயர் தந்தவர் அந்த லாதான் என்பார்கள். நாள் வந்தது. சரியாக அந்த நேரத்துக்கு மேகம் வந்து மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணிச் சொத்தை உறவினர் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்களாம். பிரயாணத் திட்டத்தை நிமிஷக் கணக்கில் போடுகிறவர்களுக்கு, முக்கியமாகச் சித்தப்பாவுக்கு, இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

கடல் விஷயத்தில் மட்டும் கட்டலோனியாவைக் காப்பியடிக்க முடியாது. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சிறு சிறு குடாக்களில் கோடையில் குளம் மாதிரி இருக்கும். நம் வங்கக் கடல் அப்படியல்ல. கரையோரத்திலேயே காலை வாரி உள்ளே இழுக்கும். "முழங்கால் நனையலாம், அதற்கு மேல் இல்லை, அதுவும் பெரியவர் கை பிடித்து" என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். தண்ணீர் ஆசைக்குச் சுண்ணாம்பாற்றில் படகுச் சவாரி.

சைக்கிளுக்கு ஹெலிபேடு மைதானம். ஒன்பது வயதாகியும் என் பிள்ளைக்குச் சைக்கிள் வராது. எட்டு வயதுக்காரி அக்கா பெண் அதில் சூரி. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். இவன், "விடாதே! விடாதே!" என்று கத்தினான். 'விடு' என்று மட்டும் புரிந்துகொண்டு அவள் விட்டுவிட்டாள். விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு. மூன்றாம் நாள் தானாக ஓட்டினான். அந்தப் பெண் தமிழில் எதிர்மறை வினையைக் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

அவள் தேர்ந்தெடுத்த இடம் ஊசுட்டேரி. 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. விடியற்காலையில் போய், வாய் பேசாமல் உட்கார்ந்து, நாரையையும் வாத்தையும் எண்ணிவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு. என் பிள்ளை திருவக்கரை என்றான். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கிற இடம். 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதியிருக்கிறார். எரிமலை இல்லாத குறையை அது தீர்த்தது. பக்கத்திலேயே வக்கிரகாளியம்மன் கோயிலும் இருந்ததால் சித்தப்பாவின் குறையும் தீர்ந்தது.

அம்மாவிடம், "உன் நாள் எது? எங்கே போகணும்?" என்று கேட்டபோது முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. "எனக்கு என்னம்மா நாளு?" என்றாள். அப்புறம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அரிக்கமேடு" என்றாள்.

அம்மா பிறந்தது அரியாங்குப்பம். மழை பெய்து மண் அரித்தால் ஆற்றங்கரை மேட்டில் சிவப்பும் நீலமுமாக மணிகள் தெரியுமாம். பிள்ளைகள் பொறுக்கிச் சரடு கோத்துப் போட்டுக்கொள்வார்களாம். எத்தனை வருஷத்து மணி என்று அப்போது யாருக்குத் தெரியும்? 1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு அரிக்கமேட்டின் அருமை தெரிந்ததுகூட, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கி வந்த பொருள்களால்தான். 1945-ல் வீலர் தோண்டிப் பார்த்தார். ரோமாபுரி வாணிகத்து மதுஜாடிகளும், இத்தாலியச் சிவப்புத் தட்டுகளும் வெளிவந்தன. இப்போது அது பாதுகாக்கப்பட்ட இடம். எதையும் எடுக்கக்கூடாது, மணிகளைப் புதுவை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் அம்மாவும் ஒரு மடக்கு நாற்காலியும். குழந்தைகள் அத்தானோடு சைக்கிளில். பார்ப்பதற்கு அங்கே அதிகமில்லை. மரங்கள், ஆறு, 18-ம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டிய வீட்டின் செங்கல் சுவர். 'இதற்கா வந்தோம்?' என்று பிள்ளைகள் கேட்கப் போகிறார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த அம்மா, கையை நீட்டி, மணி எங்கே கிடக்கும், எப்படிக் குனிந்து பார்ப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். என் பெண் பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னாள். அக்கா பிள்ளை திடீரென்று, "ஆம்பூரியாஸ்!" என்றான்.

லெஸ்காலாவிலிருந்து கடலோரமாகவே நடந்து போகிற தூரத்தில், கி.மு. 6-ம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் அமைத்த துறைமுகப் பட்டினம் அது. கட்டலான் மொழியில் எம்பூரியெஸ் என்பார்கள். கிரேக்கத்தில் 'சந்தை' என்று பொருள். கி.மு. 218-ல் ரோமானியப் படை ஸ்பெயினில் வந்திறங்கிய இடமும் அதுதான். பையன் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டான். இந்த முனையில் அவன் ஊர்க் கடல், அந்த முனையில் ஆயாவின் ஆறு, நடுவில் கப்பல். அம்மா உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, கப்பலுக்குப் பாய் போதாது என்று தன் கைத்தடியால் இன்னொன்று வரைந்தாள். நான்கு தலைகளும் குனிந்திருந்தன. அடுத்த ஒரு மணி நேரம் அங்கே என்ன பாஷையில் பேச்சு நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் அக்காவும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சில மாதங்களாகின்றன. போன வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கிரேக்கங்க ஊர்ல நாற்காலி போட நிழல் இருக்குமா?" என்று கேட்டாள்.

விசாரித்தாயிற்று. ஜூலை, ஆகஸ்டு வேண்டாமாம். வெயிலும் கூட்டமும் அதிகம். ஏப்ரல் கடைசியில் கடல் குளிரும், ஆனால் நடக்க இதமாக இருக்கும். ஏப்ரல் 23-ல் போனால் சான் ஜோர்தி திருநாள். தெருவெல்லாம் புத்தகமும் ரோஜாவுமாக விற்பார்களாம். எப்படியும் ஒரே வீடு, பத்து நாள், மத்தியானம் தூக்கம். சித்தப்பா இதற்குள் பார்சலோனா, மாட்ரிட், லிஸ்பன் என்று ஒரு அட்டவணை தயாரித்துக் கொண்டுவந்தார். அம்மா அதை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டுக்குத் தேதி கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.