மதியக் கச்சேரிக்கு ஆள் சேர்த்த காலம்

டிசம்பர் இசை விழா என்றதும் மயிலாப்பூரும் தி.நகரும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்த அரங்குகளில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பழவந்தாங்கல் என்று வரிசையாக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறி, மாம்பலத்தில் இறங்கி வந்தவர்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

விழாவுக்கும் எங்கள் ரயிலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் கூடியது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அந்த மீட்டர்கேஜ் வண்டி மட்டும் இல்லாதிருந்தால், ராத்திரி ஒன்பதரைக்கு மங்களம் பாடி முடித்த பிறகு தாம்பரத்துக்காரர்கள் வீடு திரும்புவது எப்படி? அதைச் சாத்தியமாக்கியது அந்தத் தண்டவாளம்தான்.

கச்சேரி கேட்டதை விட, கச்சேரிக்கு ஆள் சேர்த்ததைத்தான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

விழாவின் நேர ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு இது புரியும். மாலை ஆறு, ஆறரைக் கச்சேரி பெரிய வித்வான்களுடையது. அதற்கு டிக்கெட் உண்டு, கூட்டம் தானாக வரும். பகல் பன்னிரண்டு மணியும் பிற்பகல் இரண்டு மணியும் இளம் கலைஞர்களுக்கு. பெரும்பாலான சபாக்களில் அதற்கு அனுமதி இலவசம். ஆனாலும் வேலைநாளில் நடுப்பகலில் யார் வருவார்கள்? பாடகியின் அம்மா, பாட்டி, குருநாதர், வயலின் வாசிப்பவரின் அண்ணன் என்று ஒரு பத்துப் பேர். சபா செயலர் பக்கத்துக் கதவைத் திறந்து ஒருமுறை எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வையில் அடுத்த வருட வாய்ப்பு அடங்கியிருந்தது.

தாம்பரம் மேற்கில் எங்கள் அடுத்த தெருப் பெண்ணுக்கு அப்படி ஒரு பன்னிரண்டு மணி கிடைத்தது. அவள் அப்பா எங்கள் கணக்கு வாத்தியாரிடம் தயங்கித் தயங்கித்தான் வந்து சொன்னார். வாத்தியார் உடனே, "நம்ம ஊர்ப் பொண்ணு பாடறா, ஹால் காலியா இருக்கறதாவது? நான் பார்த்துக்கறேன் சார்" என்றார். சொன்னவர் அன்று சாயங்காலமே என்னையும் இன்னும் இரண்டு பையன்களையும் கூப்பிட்டுவிட்டார்.

முதல் வேலை நோட்டீஸ். முடிச்சூர் ரோட்டில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, வீட்டு வாடகை ரசீது, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், எல்லாம் அங்கேதான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார் கம்பாசிட்டர். மேலே நடுவில் ஒரு வீணை பிளாக். அதன் கீழே பாடுபவர் பெயர், அதைவிடச் சின்ன எழுத்தில் இன்னாருடைய சிஷ்யை என்ற வரி, பிறகு வயலின், மிருதங்கம், கடம் என்ற வரிசையில் பக்கவாத்தியம். இந்த வரிசை மாறினால் மனஸ்தாபம் வரும். கச்சேரி நோட்டீஸ் என்றால் 'ஸ்ரீ' என்ற எழுத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று கம்பாசிட்டர் அலுத்துக்கொள்வார். தாள் ரோஸ், மஞ்சள், பச்சை, மூன்றில் எது மலிவோ அது. மிஷினிலிருந்து எடுத்த நோட்டீஸில் மை காயாமல் விரலில் ஒட்டும். பையில் போடும்போது மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும்.

நோட்டீஸை வீடு வீடாகக் கொடுப்பதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு. விடிகாலையில் ஸ்டேஷன் பக்கத்தில் பேப்பர் கட்டு வந்து இறங்கும். தரையில் பரப்பிப் பிரிக்கும் பையன்களோடு நாங்களும் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் ஒன்று சொருகுவோம். மார்கழிப் பனியில் தாள் நமத்துப் போய்க் கையில் ஒட்டும். போஸ்டருக்கு மைதா காய்ச்ச வேண்டும். அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது என்று சொல்லிக்கொடுத்தவர் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர். அவருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு கிடையாது, ஆனால் எங்கள் போஸ்டர் மேல் சினிமா போஸ்டரை ஒட்டாமல் கச்சேரி முடியும் வரை விட்டுவைத்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும், நோட்டீஸைப் பார்த்து மட்டும் யாரும் வந்ததில்லை. நாங்கள் நேரில் போய் நின்று கூப்பிட்டதால் வந்தார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவோம். மாமிகள் பிரதட்சிணம் முடித்து வரும்போது வாத்தியார் வழி மறிப்பார். "மாமி, நாளைக்கு பதினொண்ணே காலுக்கு முன்னாடியே மாம்பலம் போய்ச் சேரணும். சாப்பாட்டை முடிச்சுண்டு வந்துடுங்கோ." வரலாமா வேண்டாமா என்று அவர் கேட்டதே இல்லை. ரயில் நேரத்தைத்தான் சொன்னார். அதனாலேயே வந்தார்கள்.

மறுநாள் தாம்பரத்தில் கிளம்பிய பெட்டியில் எங்கள் தெருவில் பாதி இருந்தது. ஒரு மாமி எலுமிச்சம்பழ சாதம் கட்டி எடுத்து வந்திருந்தார். மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவின் நெரிசலைக் கடந்து, பனகல் பார்க் தாண்டி, ஜி.என்.செட்டி ரோட்டில் வாணி மகால் வரை பெரிய ஊர்வலமாகப் போனோம். திரை தூக்கியபோது அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்தாள். தம்பூராவின் சுருதியைச் சரிபார்க்கிற சாக்கில் ஒரு நிமிடம் குனிந்தே இருந்தாள். வர்ணம் முடிந்ததும் விழுந்த கைத்தட்டலில் தாம்பரம் மேற்கு முழுவதும் இருந்தது. தனி ஆவர்த்தனத்துக்கு ஒருவர்கூட எழுந்து கேன்டீனுக்குப் போகவில்லை. பெரிய வித்வான்களின் கச்சேரியில் மிருதங்கக்காரர்களுக்கே கிடைக்காத கௌரவம் அது.

திரும்பும் வண்டியில்தான் உண்மையான விமர்சனம் நடக்கும். பேப்பரில் சுப்புடு என்ன எழுதுவார் என்று ஊரே காத்திருந்த காலம். அதற்கும் முந்திய தலைமுறைக்கு ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியது வேதம். எங்களுக்கு வாத்தியாரும் டெலிபோன் ஆபீஸில் ரிட்டையர் ஆன ஒரு சாரும்தான். மாம்பலத்தில் ஏறும்போது, "அது தர்பாரா, நாயகியா?" என்று ஆரம்பித்தால் மீனம்பாக்கம் வரை ஓடும். இருவரும் மாற்றி மாற்றிப் பாடிக் காட்டுவார்கள். கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "ரெண்டாவதா பாடினதுதான் நல்லா இருக்கு" என்று தீர்ப்பு சொன்னதும் உண்டு. ராகம் கண்டுபிடிப்பதை நான் கற்றது எந்தப் பாட்டு வகுப்பிலும் இல்லை, அந்தப் பெட்டியில்.

எல்லோரும் அந்தப் பெட்டியில் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். போஸ்டர்காரரும் கம்பாசிட்டரும் பேப்பர் பையன்களும் எங்களோடு வரவில்லை. அவர்களை வரச்சொல்லி யாரும் அழைக்கவும் இல்லை. அந்தக் கச்சேரிக் கூடம் யாருக்கானது என்ற கேள்வியைப் பின்னால் வந்தவர்கள் உரக்கக் கேட்டார்கள். 2007-இல் சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் ஒயிலாட்டத்தையும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. 2015-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர்கள் நடுவே விழா எடுத்தார்கள். அவை இரண்டும் நடந்தே ஆக வேண்டிய காரியங்கள். எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் குப்பத்துக்கும் ரயில், பஸ் நேரம் சொல்லி எங்களைக் கிளப்பியிருப்பார் என்று நம்புகிறேன்.

மீட்டர்கேஜ் வண்டி 2004-இல் நின்றது. அகலப் பாதையில் வந்த வண்டி பெரியது, வேகமானது. அதே ஆண்டுகளில் வாத்தியார் போனார், டெலிபோன் சார் மகனோடு வெளிநாடு போனார், மாமிகளுக்கு முழங்கால் போயிற்று. தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தன. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

விழா மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்தது. 2020 கொரோனா வருடத்தில் சபாக்கள் ஒன்றுசேர்ந்து விழாவை இணையத்தில் நடத்தின. அந்த மார்கழியில் நான் வீட்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒலி அவ்வளவு சுத்தம், மிருதங்கத்தின் தொப்பி அதிர்வது வரை கேட்டது. ஒரு பல்லவி முடிந்ததும் பக்கத்தில் திரும்பி, "பார்த்தீரா!" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல ஆள் இல்லை.

இப்போது டிசம்பர் வந்தால் என் போனில் நோட்டீஸ் கொட்டுகிறது. அழகான படம், பட்டுப்புடவை, பொன்னிற எழுத்து. பாடுகிற பிள்ளைகளே இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்து அனுப்புகிறார்கள். நாங்கள் நான்கு பேர் செய்த வேலையை அவர்கள் தனியாகச் செய்கிறார்கள், பாட்டுப் பயிற்சியும் செய்துகொண்டு. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நோட்டீஸுக்குக் கைகூப்பும் படம் போட்டு, ஐம்பது பேருக்கு அனுப்பி, அந்த ஐம்பது பேரும் கைகூப்பி, அத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. செய்தி சொன்னவரே கூட்டிக்கொண்டும் போனார் என்பதுதான் அந்தக் காலத்தின் பெருமை. நான் ஏங்குவது மைதா பசைக்கோ ஈய எழுத்துக்கோ அல்ல. வாசலில் வந்து நின்று, "கிளம்பியாச்சா?" என்று கேட்ட அந்தக் குரலுக்கு.

போன வருடம் ஒரு மதியக் கச்சேரிக்குத் தனியாகப் போனேன். நல்ல குரல், பதினெட்டு வயது இருக்கும். தோடியை அவ்வளவு நிதானமாக விரித்தாள். முன் மூன்று வரிசையும் காலி. பின்னால் சுவரோரம் சிதறிக் கிடந்தவர்களைப் பார்த்து அவள் பாடினாள். நான் எழுந்து போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் இன்னொரு பெரியவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குரோம்பேட்டையிலிருந்து வருகிறாராம். திரும்பும்போது இருவரும் ஒரே வண்டியில் ஏறினோம். கிண்டி வருவதற்குள் பேச்சு தோடியில் அவள் காந்தாரத்தை அசைத்த விதத்துக்குப் போய்விட்டது.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மார்கழியில் உங்களுக்கு வரும் நோட்டீஸ்களில் பன்னிரண்டு மணிக் கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர் தெரியாத பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் டிக்கெட் இருக்காது. அந்த நோட்டீஸை யாருக்கும் அனுப்ப வேண்டாம். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, எத்தனை மணி ரயில் என்று சொல்லுங்கள். போனதும் முன்வரிசையில் உட்காருங்கள்.