கழித்துப் பார்க்காத கணக்கு: அன்டோனியோ இனோக்கிக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இனோக்கி ஐயாவுக்கு,

எந்த மேடை ஏறினாலும் முதலில் நீங்கள் கேட்பது 'கென்கி தெஸ்கா', அதாவது 'நல்லா இருக்கீங்களா'. கூட்டம் முழுக்கக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து கத்திக் கேட்பீர்கள். கொல்லிமலையிலிருந்து பதில் சொல்கிறேன்: நல்லா இருக்கோம் ஐயா. நீங்கள் போய்ச் சேர்ந்தது 2022 அக்டோபர் 1-ஆம் தேதி. கடிதம் உங்கள் கைக்கு வராது என்பது தெரியும். இருந்தும் நன்றி சொல்லாமல் வைத்திருப்பது கடன் மாதிரி உறுத்துகிறது. அதனால் நாலு பேர் படிக்கும் இடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

நான் காப்பியும் மிளகும் போடுகிற ஆள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் எங்கள் ஊர்ப்பக்கம். தொண்ணூறுகளில் நான் பையனாக இருந்தபோது, ஆடித் திருவிழாக் கடையில் அப்பா ஒரு ட்ரம்ப் கார்டு கட்டு வாங்கித் தந்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மல்யுத்த வீரர் படம். கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. காப்பிக் களத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை ஆடுவோம். ஹல்க் ஹோகன் கையில் இருந்தால் ராஜா. எடையில் யோக்கோசுனாவை அடிக்க ஆளே கிடையாது. அவரை ஜப்பான்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். ஜப்பான் கொடியோடுதான் வருவார். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் அமெரிக்காவில் பிறந்த சமோவாக்காரர் என்று. நிஜமான ஜப்பான்காரராகிய நீங்கள் அந்தக் கட்டில் இல்லவே இல்லை.

போட்ட சண்டை, ஜெயித்த சண்டை இரண்டும் இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தோற்றது எத்தனை என்று தெரிந்துவிடும். எங்களில் ஒருத்தன்கூடக் கழித்துப் பார்த்ததில்லை.

'அதெல்லாம் டூப்புடா, முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு அடிக்கிறானுங்க' என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். அதே பெரியவர்கள் கூத்து நடக்கிற ராத்திரி போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பதினெட்டாம் போரில் துரியோதனன் தொடை உடையும் என்பது தெரியாமலா உட்காருகிறார்கள்? கட்டியங்காரன் கேலி பேசிக்கொண்டே இருக்க, துரியோதன வேஷக்காரர் களைத்து விழும்போது கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். உங்கள் தொழிலும் அதுதான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. முடிவு பேசி வைத்தது. விழுகிற உடம்பும் அது படுகிற வலியும் பேசி வைத்ததில்லை.

உங்களை நான் கண்டுபிடித்தது முகமது அலி வழியாக. 1980 ஜனவரியில் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். லாரிக்குப் போய்க்கொண்டிருந்த என் மாமா அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். ஒரு மழை நாளில் போனில் அலியின் பழைய சண்டைகளைத் தேடப் போய், 1976 ஜூன் 26, டோக்கியோ புடோக்கான் அரங்கம் என்று ஒன்று வந்து நின்றது. குத்துச்சண்டை உலகச் சாம்பியனுக்கும் ஒரு மல்யுத்தக்காரருக்கும் சண்டை. அலிக்கு 60 லட்சம் டாலர் பேசியிருந்தார்களாம்.

மணி அடித்ததும் ஓடிப்போய்ச் சறுக்கி விழுந்து அலியின் காலை உதைத்தீர்கள். அப்புறம் எழுந்து நின்றது கொஞ்ச நேரம்தான். பதினைந்து சுற்றிலும் பெரும்பாலும் மல்லாந்து படுத்தபடி நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து அவர் இடது காலையே உதைத்தீர்கள். அலி மேலே நின்றுகொண்டு எழுந்து வா, எழுந்து வா என்று கூப்பிடுகிறார். அவர் வீசிய குத்துகளை ஒரு கை விரலும் மறு கையில் ஒன்றும் போட்டு எண்ணிவிடலாம். முதல் தடவை பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அரங்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கக்கூட இல்லை, குப்பையைத் தூக்கி எறிந்தார்கள். முடிவு சமன். உலகம் முழுக்க ஏமாற்று வேலை என்று எழுதினார்கள். உங்கள் கம்பெனி கடனில் மாட்டியது. அலிக்கோ கால் வீங்கி, ரத்தம் கட்டி, ஊருக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தார். மாமா கண்ட அந்தக் கால்களில் உங்கள் உதையும் இருந்தது என்று சொன்னால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

இரண்டாம் தடவை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. நின்று சண்டை போட்டால் ஒரே குத்தில் முடிந்துவிடும் என்று தெரிந்த ஆள், ஊரே காறித் துப்பினாலும் பரவாயில்லை என்று ஒரு மணி நேரம் தரையில் கிடக்கிறார். அதற்குத் தனி நெஞ்சு வேண்டும்.

அப்புறம் உங்கள் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். 1943-இல் யோக்கோஹாமாவில் பிறப்பு. ஐந்து வயதில் அப்பா போய்விட்டார். 1957-இல் பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் கப்பல். வழியிலேயே தாத்தாவும் கப்பலில் இறந்துபோகிறார். போய் இறங்கி, சாவோ பாலோ மாநிலத்தில் காப்பித் தோட்டக் கூலி.

அந்த வரியில் போனைக் கீழே வைத்துவிட்டேன். காப்பி பறிக்கிற பையனா! எங்கள் மலையில் சில்வர் மர நிழலில், பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்போம். கார்த்திகை, மார்கழிப் பனியில் விரல் மரத்துப்போகும். செடியைத் தொட்டதும் முசுறு எறும்பு கழுத்து வழியாக இறங்கும். பிரேசிலில் நிழல் மரம் இல்லாத வெட்டவெளி. கிளையை அடியில் பிடித்துக் காயும் பழமும் இலையுமாக உருவி இழுப்பார்கள். ஒரு நாள் உருவினால் உள்ளங்கைத் தோல் போய்விடும். உங்கள் கைப்பிடிக்குப் பெயர் வாங்கித் தந்தது எது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. சரியா என்று கேட்கத்தான் நீங்கள் இல்லை.

அங்கேயே குண்டு எறிதலில் பெயர் எடுக்கிறீர்கள். 1960-இல் ஜப்பானின் பெரிய மல்லன் ரிக்கிதோசான் பிரேசில் வந்தபோது உங்களைப் பார்த்துக் கூடவே அழைத்துப் போகிறார். அவர் துணி துவைத்து, அடி வாங்கி, வித்தை கற்கிறீர்கள். கான்ஜி இனோக்கி என்ற பெயர் அன்டோனியோ இனோக்கி ஆகிறது.

இனிமேல்தான் நான் சின்ன வயசில் விட்ட கழித்தல் கணக்கைப் போட ஆரம்பித்தேன். 1960 செப்டம்பர் 30, உங்கள் முதல் சண்டை. அதே நாளில் அறிமுகமான ஜயன்ட் பாபா ஜெயிக்கிறார், நீங்கள் கின்தாரோ ஓக்கியிடம் தோற்கிறீர்கள். 1972-இல் நியூ ஜப்பான் என்று சொந்தமாகக் கம்பெனி தொடங்குகிறீர்கள். மார்ச் 6, முதல் நாள் காட்சி, முதலாளியே மேடையில். நம் ஊர்ப் படக் கம்பெனி என்றால் முதலாளி அன்றைக்கு இருபது பேரைப் பறக்கவிட்டிருப்பார். நீங்கள் கார்ல் காட்ச்சிடம் தோற்றீர்கள். 1983 ஜூன் 2, பல வருஷம் கனவு கண்டு நீங்களே உருவாக்கிய பெரிய பட்டத்தின் இறுதிச் சண்டை. எதிரே, எங்கள் கட்டின் ராஜா ஹல்க் ஹோகன். அடி விழுந்து, நாக்கு வெளியே தள்ளியபடி மயங்கிக் கிடந்தீர்கள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

தோற்றவரைக் கொண்டாடுவது எங்கள் மலைக்குப் புதுசு இல்லை. வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவர், எங்கள் ராஜா. மலையமான் திருமுடிக்காரியோடு போரிட்டு மாண்டார், மலை சேரன் கைக்குப் போனது. ஜெயித்த காரிக்கு இங்கே சிலை கிடையாது. தோற்ற ஓரிதான் செம்மேட்டில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். வருஷா வருஷம் ஆடியில் அவருக்குத்தான் அரசு விழா, வில்வித்தைப் போட்டி எல்லாம்.

உங்களிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. 1976 டிசம்பரில் கராச்சியில் அக்ரம் பயில்வானோடு மோதினீர்கள். இமாம் பக்‌ஷின் மகன், காமா பயில்வான் வம்சம். பிடியில் கை மாட்டியும் அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, நீங்கள் விடவும் இல்லை, கை போய்விட்டது. அதை வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து லாகூருக்குப் போய், அதே குடும்பத்து இளைஞன் ஜாராவோடு மோதி, சமனில் முடிந்ததும் அவன் கையை நீங்களே தூக்கிக் காட்டினீர்கள். பழைய கணக்கை அது நேர் செய்ததா என்பது அந்தக் குடும்பம் சொல்ல வேண்டியது.

அரசியலை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1989-இல் மேலவை உறுப்பினர். 1990-இல் பாக்தாத்துக்குப் போய் விளையாட்டு விழா நடத்தி, சதாம் உசேன் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர்களை மீட்டு வந்தீர்கள். 1995-இல் வட கொரியாவில் மேடை போட்டீர்கள். சந்தையில் வியாபாரம் பேசுகிற மாதிரி யாரோடும் உட்கார்ந்து பேசுகிற உங்கள் துணிச்சல் எனக்குப் பாதி பிடிக்கும், பாதி பயமாக இருக்கும். உங்கள் கையால் கன்னத்தில் அறை வாங்க ரசிகர்கள் வரிசையில் நின்றார்களே, அது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்கெல்லாம் நன்றி சொல்ல நான் உட்காரவில்லை. விஷயம் என் அப்பாவைப் பற்றியது.

ஒற்றை மூங்கிலைக் கணு விட்டு வெட்டி ஏணியாகச் சாய்த்து, அதன் மேல் நின்று நாற்பது அடி உயரத்தில் மிளகு பறிக்கிறவர் அப்பா. இடுப்பில் கோணிப்பை, காலடியில் ஒரு கணு, அவ்வளவுதான் பிடிமானம். 2021-இல் ஒரு காலையில் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டது. மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்து, உயிரோடு கூட்டி வந்தோம். வந்தவர் திண்ணையில் உட்காரவில்லை. பின்னறையில் கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். 'ஏறி நின்ன ஆளை எல்லாரும் பாத்திருக்காங்க சாமி, இதையும் எதுக்குப் பாக்கணும்' என்று ஒரு தடவை சொன்னார்.

2022 ஆகஸ்டில் உங்கள் வீடியோ ஒன்று போனில் வந்தது. அமிலாய்டோசிஸ், உடம்புக்குள் புரதம் படிந்து இதயத்தை முடக்குகிற நோய். நூறு கிலோவுக்கு மேல் இருந்த உடம்பு துணி போர்த்திய குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததையும், சாப்பிடத் திணறுவதையும் நீங்களே படம் பிடிக்கச் சொல்லி வெளியிட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மாதக் கடைசியில் சக்கர நாற்காலியில் தொலைக்காட்சி மேடைக்கே வந்தீர்கள், கழுத்தில் சிவப்புத் துண்டு.

அப்பாவிடம் இரண்டு வீடியோவைக் காட்டினேன். முதலில் புடோக்கான், அப்புறம் கட்டில்.

'ஆரு இது?'

'ஜப்பான் மல்லன் அப்பா. ரெண்டும் ஒரே ஆளு. பேரு கான்ஜி.'

'கஞ்சியா?' வாய் ஒருபக்கம் கோணச் சிரித்தார். சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போனைக் கண்ணருகே இழுத்து வெகுநேரம் பார்த்தார். 'எல்லாம் எளைச்சுப் போச்சு. தாடை மட்டும் எளைக்கல' என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. பத்து நாள் கழித்து, 'உள்ள இருட்டா இருக்குது, கட்டிலத் திண்ணைக்கு எடுத்துப் போடு' என்றார். உங்களால்தான் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அங்கேதான் இருக்கிறார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு மிளகு விலை கேட்கிறார். சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் இவரிடம் மாட்டாமல் போக முடியாது.

நன்றி ஐயா.

போன வாரம் என் மகளுக்கு ட்ரம்ப் கார்டு கதையைச் சொன்னேன். பழைய காலண்டர் அட்டையை வெட்டி உங்களுக்கு ஒன்று போட்டாள். உயரம் ஆறடி மூன்று அங்குலம். தாடையைக் கட்டத்துக்கு வெளியே வரைந்திருக்கிறாள். அப்புறம் தாத்தாவுக்கும் ஒன்று வேண்டும் என்று திண்ணைக்கு ஓடினாள்.

'போட்ட சண்டை எத்தனை தாத்தா?'

'அதுக்கு ஏது கணக்கு. மரத்திலிருந்து விழுந்தது மூணு, அதை எழுது.'

'விழுந்தது'ன்னு கட்டமே இல்லையே என்றாள். 'கோடு போட்டுக்க' என்றார். போட்டாள். அப்புறம் உங்கள் அட்டையிலும் அதே மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டு, ஜப்பான் தாத்தா எத்தனை தடவை விழுந்தார் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது போதாது, தேடிப் பார்த்துச் சரியாகச் சொல் என்கிறாள். அதுவரைக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
கொல்லிமலையிலிருந்து ஒரு காப்பிக்காரன்