மாசக் கடைசியில் ஒரு வாடா!

காரைக்கால் பக்கம் போகிறேன் என்றதும் ஆபீஸ் நண்பர்கள் கண்ணடித்தார்கள். 'அது' இல்லை சார்! சுரக்குடியில் ஒரு கல்யாணம். மொய் எழுதியதில் பர்ஸ் இளைத்துவிட்டது. சாயங்காலம் காரைக்காலில் இறங்கியபோது, ஊர் திரும்பும் டிக்கெட் போக மிச்சம் 60 ரூபாய். ராத்திரி டிபன் அதற்குள்!

காசு குறைந்தவனுக்கு உலகம் பூராவும் சின்னக் கடைதான் கதி. துருக்கியில் 'எஸ்நாஃப் லொகாந்தா' என்றே ஒரு ரகம் உண்டு. கடைக்காரர்களும் தொழிலாளிகளும் மத்தியானம் சாப்பிடும் இடம். சமைத்ததைக் கண்ணெதிரே வைத்திருப்பார்கள். விரலை நீட்டினால் தட்டில் விழும்.

இங்கேயும் மெனு கார்டு கிடையாது. சந்து முனையில் ஒரு வாணலி, எண்ணெயில் மிதக்கிறது வாடா. நம்ம வடை இல்லை. அரிசி மாவு, வெங்காயம், நெற்றிப் பொட்டு மாதிரி ஓர் இறால்! காரைக்கால், நாகூர் முஸ்லிம் வீடுகளில் நோன்புக் கஞ்சிக்கு ஜோடி இதுதான்.

"எவ்வளவு பாய்?" என்று இழுத்தேன். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"மொதல்ல சாப்பிடுங்க தம்பி. ஆறிப்போனா இறாலுக்கு மரியாதை இல்ல!"

இரண்டு முடிந்தும் காசு மிச்சம். பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்... அடிக்கட்டுமே! விரல் மூன்றாவதுக்கு நீண்டுவிட்டது.