பெயர் நீக்கிய ஏடுகள்

பிள்ளையைப் பெற்றெடுத்த தாய் இறந்துபட்டால், முன்னாளில் அதனை விதியென்று சொல்லிக் கண்ணீர் விட்டு அமைந்தனர். விதி என்னும் சொல் ஆறுதல் அளிக்கலாம். அடுத்த தாயைக் காப்பாற்றாது. 1930 முதல் 1932 வரை நியூயார்க் நகரில் மகப்பேற்றையொட்டி நேர்ந்த 2,041 மரணங்களை அந்நகர மருத்துவக் கழகத்தார் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக் கூடியவை என 1933இல் அறிவித்தனர். மருத்துவரே மருத்துவத்தின் குறையை எடுத்துரைத்தமையால் பெரும் சலசலப்பு எழுந்தது.

இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இவ்வாய்வு சட்டத்தின்வழி நடைபெறுகிறது. ஒரு பெண் கருவுற்ற காலத்திலோ, அது முடிந்த ஓராண்டுக்குள்ளோ இறப்பின், அவளுடைய மருத்துவப் பதிவுகள் திரட்டப்படும். மருத்துவர், தாதியர், மனநல வல்லுநர், சமூகநலப் பணியாளர் எனப் பலர் கூடி அமர்வர். பெண்ணின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் நீக்கப்பட்ட ஏடே அவர்கள் கைக்கு வரும். இங்கிலாந்தில் 1952 முதலும் மலேசியாவில் 1991 முதலும் வழங்கிவரும் முறைக்கு இது நெருங்கிய உறவுடையது. யார் செய்த பிழை என்னும் வினா அங்கு எழுவதில்லை. எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பதே வினா.

இதற்குச் சட்டம் எதற்கு? பதிவேடுகளைக் கேட்டுப் பெறும் உரிமை வேண்டும். அதனினும் முதன்மையாக, குழுவில் பேசப்பட்டது வழக்குமன்றத்தில் சான்றாகாது என்னும் காப்பு வேண்டும். பிரம்புக்கு அஞ்சும் மாணவன் பிழையை மறைப்பான் என்பதை அறிந்த ஆசிரியர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

கலிபோர்னியாவில் 2006இல் இத்தகைய ஆய்வு தொடங்கிற்று. மிகுதியான உதிரப்போக்கினால் நேர்ந்த மரணங்களுள் பல தவிர்த்திருக்கக் கூடியவை எனத் தெரியவந்தது. தாதியரும் மருத்துவரும் இரத்த இழப்பைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு வந்தனர். கண்ணோ குறைத்தே காட்டும். ஆதலின், இரத்தம் தோய்ந்த துணிகளை நிறுத்து அளக்கவும், வேண்டிய மருந்தும் கருவியும் நிறைந்த தள்ளுவண்டியைப் பேற்றறைக்கு அருகிலேயே ஆயத்தமாக வைக்கவும் மருத்துவமனைகளுக்கு வழிகாட்டப்பட்டது. எத்துணை எளிய செயல்கள்! 2006இல் இலட்சம் பேறுகளுக்கு 16.9ஆக இருந்த தாய் மரணம் 2013இல் 7.3ஆகக் குறைந்தது. இவை மட்டுமே காரணம் என்பது மிகையாகும். எனினும் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

2018 டிசம்பரில் நடுவண் அரசும் சட்டமியற்றி, மாநிலக் குழுக்களுக்கு நிதியுதவி வழங்க வகைசெய்தது. 2017 முதல் 2019 வரை 36 மாநிலங்களில் ஆராயப்பட்ட 1,018 மரணங்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை தவிர்க்கத்தக்கவை. பாதிக்கும் மேற்பட்டவை நேர்ந்தது ஒரு வாரம் கழிந்த பின்னர். மருத்துவமனையை விட்டு வீடு திரும்பி, சுற்றத்தார் பிள்ளையைக் கொஞ்சும் நாள்களில்.

ஆயினும், அஞ்சாது பேசுவதற்கென வைத்த திரை, அறிய வேண்டியவர் கண்ணையும் மறைக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் இரு பெண்களின் மரணம் தவிர்த்திருக்கக் கூடியது எனக் குழு கண்ட செய்தியை 2024 செப்டம்பரில் செய்தி நிறுவனமொன்று வெளியிட்டது. இரகசியம் கசிந்தது என்று கூறி, நவம்பரில் குழுவின் உறுப்பினர் அனைவரையும் மாநில அரசு நீக்கியது. கசியவிட்டவர் யாரென அறிய இயலாமையால் எல்லாரும் விலக்கப்பட்டனர். ஒருவன் குற்றத்திற்கு வகுப்பையே எழுப்பி நிறுத்துவது போன்றது அது. அவர்களுடைய இடங்களுக்குப் புதிதாக விண்ணப்பம் கோரப்படும் என்று அறிவிப்பு வந்தது.