மாட்டு வாய்

நல்லது செய்யப் போய் ஒரு காட்டைக் கெடுத்தவன் நான். அதை எழுதிவிடுகிறேன்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு உண்டு. காடென்றதும் யானை, புலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொங்கு நாட்டில் புன்செய் நிலத்தையே காடு என்பார்கள். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், இதுதான் கொறங்காடு. கோடையில் புல் தீய்ந்தாலும் வேலமரம் காய் உதிர்க்கும். ஆடு மாடு பிழைத்துக்கொள்ளும். காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த ஜாதி.

அப்பா காலமானபின் நிலம் என் கைக்கு வந்தது. பட்டணத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு இயற்கையின் மேல் அபாரக் கருணை. வானம்பாடியும் கௌதாரியும் நிம்மதியாக இருக்கட்டுமென்று படலை இழுத்துக் கட்டச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா தன் இரண்டு மாடுகளையும் அங்கேதான் மேய்த்துவந்தாள்.

"குருவிகளுக்காக விட்டிருக்கிறேன், அக்கா" என்றேன்.

"மாட்டு வாய் படாத காட்டிலே குருவி மட்டும் எங்கே தம்பி இருக்கும்?" என்றாள். நான் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் போனேன். பழைய தாள் காய்ந்து, சாய்ந்து, மெத்தைபோல் அடைத்துக் கிடந்தது. அடியில் புதுத் துளிருக்கு வெயில் இல்லை. பிடுங்க ஆளில்லாமல் சீமைக் கருவேலம் தலைகாட்டியிருந்தது. வானம்பாடி தரையில் கூடு கட்டுகிற பறவை. கட்டைப் புல்லினூடே ஓடிப் பூச்சி பொறுக்குவது. அதற்குக் கால் வைக்க இடமில்லை. சாணமில்லாததால் சாணவண்டும் இல்லை. ஒரு குரலும் கேட்கவில்லை.

ராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1982-இல் இதே காரியம் பெரிய அளவில் நடந்தது. கேவலாதேவ் தேசியப் பூங்காவில் எருமை மேயக்கூடாதென்று தடை போட்டார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. எருமை தின்று குறைத்துவந்த புல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது, பறவைகள் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல வருஷம் ஆராய்ந்து, தடையால் கெடுதலே நேர்ந்தது என்றார்கள். பிறகு கிராமத்தார் உள்ளே போய்ப் புல் அறுக்க அனுமதி கிடைத்தது.

இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் அது பரத்பூர்க் கதை. இது என் காடு என்று இருந்துவிட்டேன்!

அக்காவிடமே யோசனை கேட்டேன். "பழசை அரிவாளாலே அறுத்து எடு. மழைக்கு அப்புறம் புல்லு விதை உதிர்க்கிற வரைக்கும் மாட்டை விடாதே. அப்புறம் ஒரு பக்கம் மேயட்டும், ஒரு பக்கம் ஓயட்டும். ஒரேயடியா மேய்ச்சாலும் கெட்டுது, ஒரேயடியா விட்டாலும் கெட்டுது" என்றாள்.

அப்படியே செய்தேன். ஐப்பசி மழைக்குப் புல் எழும்பியது. தை மாதம் அக்கம்பக்கத்து மாடுகள் உள்ளே வந்தன. ஒரு காலை, வானம்பாடி ஒன்று மேலே ஏறிப் பாடிற்று. அக்காவிடம் சொல்ல ஓடினேன்.

"கேட்டேன் தம்பி" என்றாள்.

அவள் தொழுவத்தில் விறகு அடுக்கியிருந்தது. மேய்க்க இடமில்லாமல் முதல் வருஷமே மாடுகளைச் சந்தையில் விற்றுவிட்டாளாம். என்னிடம் அதை அவள் சொல்லவே இல்லை.