வெறுங்கோது

இரண்டாம் வருசத்தில ஆங்கிலப் பாடத்துக்கு ஜோர்ஜ் ஓர்வெலின் 'ஷூட்டிங் அன் எலிஃபன்ட்' கட்டுரையை வாசிக்கத் தந்திருந்தார்கள். 1936இல் வெளிவந்த கட்டுரை. பர்மாவின் மௌல்மெயினில் பொலிஸ் அதிகாரியாக இருக்கிற வெள்ளைக்காரர் ஒருவர், பின்னால் சனக்கூட்டம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதற்காகவே, சுட விருப்பமில்லாத ஒரு யானையைச் சுடுகிறார். டியூட்டோரியலில் எல்லாரும் கொலனித்துவம், அதிகாரம், முகமூடி என்று கதைத்துக்கொண்டிருக்க, எங்களில் ஒருத்தி மட்டும் வேறொரு கேள்வி கேட்டாள்.

"யானை சுடுற துவக்கை இரவல் வாங்க ஆளனுப்புறார்தானே. துவக்கோட அஞ்சே அஞ்சு ரவைதான் வருது. ஏன் அஞ்சு?"

சிரித்தோம். விரிவுரையாளரும் சிரித்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார். பிறகு கன்டீனில் பிளேன்டி குடிக்கும்போதுதான் அவள் ஏன் கேட்டாள் என்று விளங்கியது.

மீள்குடியேறிப் போன புதுசு. அவளின் அண்ணா நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போற வழியில் ஒரு சோதனைச்சாவடி. அவனுடைய கொம்பாஸ் பெட்டிக்குள் ஒரு கோது இருந்தது. வாயில் வைத்து ஊதினால் விசில் மாதிரிச் சத்தம் வரும், அதுக்காக வைத்திருந்தான். அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எங்க எடுத்தது, ஆர் தந்தது, இன்னும் எத்தனை இருக்கு என்று பின்னேரம் வரைக்கும் கேள்வி.

"உள்ள மருந்தும் இல்லை, சன்னமும் இல்லை. வெறுங்கோதுக்கு ஏன் இவ்வளவு பயம் எண்டு அண்ணா இண்டைக்கும் கேட்பான். எனக்குப் பதில் தெரியாது," என்றாள்.

எங்களுக்கும் தெரியாது. ஓ.எல். சயன்ஸோட உலோகங்களைக் கைவிட்ட கலைப்பீடக்காரர் நாங்கள். என்றாலும் அண்டைக்கே தேடத் தொடங்கினோம்.

ரவை என்று நாங்கள் சொல்வது நாலு சாமான்களின் சேர்க்கை. முன்னால் சன்னம். உள்ளே மருந்து. பின்பக்கம், ஊசி குத்தினால் பொறி பறக்கிற ஒரு சின்ன மூடி. இந்த மூன்றையும் பிடித்து வைத்திருப்பது கோது. சுட்டதும் சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், மூடி செத்துவிடும். மிஞ்சுவது கோது மட்டும்தான்.

நல்ல கோது, 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. வெடிக்கும்போது அது விரிந்து துவக்கின் அறையை இறுக அடைக்கும், வாயு பின்னால் சுடுபவரின் முகத்துக்கு வராது. அடுத்த கணம் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும், அதனால் இழுத்து எடுக்கலாம். இப்படி விரிந்து சுருங்கத் தெரிந்ததால்தான் அதே கோதுக்குப் புது மூடி, புது மருந்து, புதுச் சன்னம் வைத்துத் திரும்பச் சுட முடிகிறது. வெடிப்பு விழும் வரைக்கும், பல தடவை. ஈயம் உருக்க ஒரு சட்டி போதும். கோது செய்ய ஃபக்டரி வேண்டும். பித்தளையைப் படிப்படியாக இழுத்து நீட்டுகிற பெரிய அழுத்த யந்திரங்கள் வேண்டும். நாலு சாமான்களிலும் மிகப் பாடுபட்டுச் செய்கிற சாமானைத்தான் நாங்கள் வெறுங்கோது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கோதே இல்லாத காலமும் இருந்திருக்கிறது. 1840களில் எங்கட மலைநாட்டில் யானைகளைக் கொன்று குவித்த மேஜர் ரொஜர்ஸ், சாமுவேல் பேக்கர் போன்றவர்களிடம் இருந்தவை வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்புகிற துவக்குகள். மெதுவானவை, ஆனால் எந்த ஃபக்டரியின் கோதுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. வன்னிக் காடுகளில் இண்டைக்கும் வேட்டைக்குப் போறவையின், விறகுக்குப் போறவையின் கால்களைப் பதம்பார்க்கிற கட்டுத்துவக்கு இன்னும் ஒழியாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம்தான். பித்தளைக் கோது துவக்கை வேகமாக்கியது. கூடவே, துவக்கு வைத்திருப்பவரைக் கோது செய்பவரிடம் கட்டியும் போட்டது.

இந்தக் கட்டைச் சாம்ராச்சியம் நல்லாவே விளங்கி வைத்திருந்தது. 1898இல் இங்கிலாந்தின் ரிக்பி கம்பனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய ரவையைக் கொண்டுவந்தது. இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் யானை வேட்டைக்குப் போன வெள்ளைக்காரரிடையே அது பிரபலமாகியது. 1907இல் பிரித்தானிய இந்திய அரசு .450 கலிபரைத் தடை செய்தது. சூடானிலும் அதே தடை. காரணம் யானைகள் மீதான இரக்கம் இல்லை. பிரித்தானியப் படையின் பழைய மார்டினி-ஹென்றி ரைபிள்கள் பல, அதிகாரத்தை எதிர்த்தவர்களின் கைகளுக்குப் போயிருந்தன. அவையும் .450 கலிபர். வேட்டைக்கு வருகிற ரவையும் சன்னமும் அந்தத் துவக்குகளுக்குத் தீனியாகிவிடும் என்ற பயம்.

துவக்குக் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புது ரவைகள் வந்தன. .450இன் சன்னத்துக்கும் .470இன் சன்னத்துக்கும் குறுக்களவில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. யானைக்கு அது தெரியப்போவதில்லை. மார்டினி-ஹென்றிக்குள் போகாது என்பதுதான் விசயம். இண்டைக்குப் பெரிய பெயரோடு இருக்கிற .470, பலத்தால் முன்னுக்கு வந்த ரவை இல்லை. ஒரு தடைச்சட்டத்தின் பிள்ளை.

அண்ணாவின் கேள்விக்கு இது பாதி விடை. மிச்சப் பாதி, கோது இல்லாமல் போன ஆக்களின் கதையில் இருந்தது.

சாம்ராச்சியம் சுருங்க, இந்தப் பெரிய துவக்குகளைத் தூக்கின கைகளும் குறைந்தன. பர்மிங்காமில் இவற்றுக்கு ரவை செய்துகொண்டிருந்த கைனொக், 1960களில் அந்த உற்பத்தியைக் கைவிடத் தொடங்கியது. ஒரு வீட்டின் விலைக்கு வாங்கின இரட்டைக்குழல் துவக்குகள் சுவர்களில் தொங்கின. துவக்கில் ஒரு பழுதும் இல்லை. கோது இல்லை, அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு பெரிய ரைபிள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்டது ஆகப் பலமானது எது என்று இல்லை. கோது கிடைக்குமா என்றுதான். 1956இல் வின்செஸ்டர் .458 மக்னத்தைக் கொண்டுவந்தபோது, ஏற்கனவே 1912இலிருந்து இருக்கிற .375 ஹொலண்ட் கோதைக் கட்டையாக்கித்தான் செய்தது. கட்டையான கோதுக்குள் மருந்து போதுமான அளவு போகவில்லை என்ற குறை இருந்தது. ஜாக் லொட் என்ற வேட்டைக்காரர், மொசாம்பிக்கில் ஒரு காட்டெருமையிடம் அடி வாங்கின பிறகு, 1971இல் தனக்கென்று ஒரு ரவையை வடிவமைத்தார். அவரும் புதுக் கோது செய்யவில்லை. அதே .375 கோதை, இந்த முறை முழு நீளத்தில் எடுத்து, வாயை அகலமாக்கினார். அந்தத் துவக்கில் லொட்டின் ரவை கிடைக்காத இடத்தில் வின்செஸ்டரின் .458ஐயும் போட்டுச் சுடலாம். சட்டிக்கு மூடி தேடாமல், கையில் இருக்கிற மூடிக்குச் சட்டி செய்த கதை. அமெரிக்கர்களின் .45-70 ரவை 1873இல் பிறந்தது. அதைவிடப் பலமான எத்தனையோ ரவைகள் வந்து மறைந்துவிட்டன. கோது கிடைப்பதால் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

இதையெல்லாம் வாசிக்க வாசிக்க எங்களுக்குள் ஒரு கூச்சம் வந்தது. ஒரு பித்தளைக் கோதுக்காக உலகம் முழுக்கத் தேடுகிற மனிசர் இருக்கினம். எங்கட வளவில் மண்வெட்டி போட்டால் கோது வரும். மழை பெய்து மண் கரைஞ்சால் வரும். கிணறு இறைத்தால் அடியில் இருக்கும். எங்களில் மூன்று பேருக்குச் சின்ன வயசில் கோது பொறுக்கின அனுபவம் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் சைக்கிளில் வருவார், கையில் ஒரு காந்தம். ஏ.கே. கோதுகள் கனக்க அதில் ஒட்டும். அவை இரும்பில் செய்து மேலே பூச்சுப் பூசினவை, விலை குறைவு. ஒட்டாதது பித்தளை. நீளமான, தடிச்ச பித்தளைக் கோது என்றால் அண்டைக்கு எல்லாருக்கும் ஐஸ்பழம். எது ஒட்டும், எது ஒட்டாது என்று பார்த்த உடனே சொல்லுவோம். எது வெறுமை, எது வெறுமையில்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது. எங்களோடு பொறுக்கின ஒரு பெடியனின் வலது கையில் இண்டைக்கு மூன்று விரல்தான். பரீட்சையில் அவன் இடக்கையால் எழுதினவன்.

போன லீவுக்கு அவளின் வீட்டுக்குப் போனோம். அண்ணா இப்ப மேசன் வேலை செய்கிறார். விறாந்தையில் இருந்து 1907 தடையைப் பற்றிச் சொன்னோம். வெறுங்கோது வெறுமையில்லை, திரும்ப நிரப்பலாம், அதுதான் பயம் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப நான் வைச்சிருந்தது பெரிய சாமான்தான்," என்றார். பிறகு, "ஆனா நிரப்ப எனக்குத் தெரியாதே. எனக்கு விசிலடிக்க மட்டும்தானே தெரியும்," என்றார்.

நாங்கள் சேர்த்து வைத்த விடை முழுக்க அந்த இடத்தில் பாதியாகிப் போனது. பயந்தவர்களின் கணக்கு எங்களுக்கு விளங்கிவிட்டது. ஒன்பது வயசுப் பெடியன் ஒருவன் அந்தக் கணக்குக்குள் ஏன் வந்தான் என்பது விளங்கவில்லை.

ஓர்வெலின் கட்டுரையில் அஞ்சு ரவையும் முடிந்த பிறகும் யானை சாகாது. சின்னத் துவக்கை எடுத்துத் திரும்பத் திரும்பச் சுடுவார், அதுக்கும் சாகாது, பார்க்க ஏலாமல் போய்விடுவார். முதல் தரம் வாசித்தபோது நாங்கள் யானையைப் பார்த்தோம். இந்த முறை அந்த அஞ்சைப் பார்த்தோம். ஓர்வெல் அதை எண்ணி எழுதியிருக்கிறார். யானைக்கு விலை என்ன என்றுகூட அதில் இருக்கிறது.

"இன்னும் எத்தனை இருக்கு எண்டு அண்டைக்குத் திரும்பத் திரும்பக் கேட்டவை," அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னா. "எனக்கு எப்பிடித் தெரியும்? நாங்களோ கொண்டுவந்து போட்டது?"

போன மாரிக்குத் தேசிக்காய் மரத்தடியில் இன்னும் ரெண்டு கிளம்பினதாம். பிள்ளைகள் கைவைக்காமல் தானே எடுத்துப் பால்மாப் பேணிக்குள் போட்டு, கூரை வளைக்கு மேல் வைத்திருக்கிறா. விற்கவும் பயம், எறியவும் பயம். பேணியை இறக்கிக் காட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.