மெல்போர்ன் கப்: ஒரு நாள் கூலியை விட்டுட்டுப் போகலாமா?

மக்களே, அக்டோபர் பொறந்தா போதும், மெல்போர்னுக்குப் புதுசா படிக்க வந்த நம்ம பசங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேக்குறாங்க. "அண்ணே, கப் டே அன்னிக்கு ஃப்ளெமிங்டன் போகலாமா? குடுக்குற காசுக்கு வொர்த்தா?" தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிப் போட்டுடலாம்னு. நான் போனது ஒரே ஒரு தடவை, 2024-ல. அதனால இது நிபுணர் கருத்து எல்லாம் இல்ல, ஒரு ஸ்டூடன்ட்டோட வரவு செலவுக் கணக்கு, அவ்ளோதான் :-)

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. மெல்போர்ன் கப் 1861-ல ஆரம்பிச்ச குதிரைப் பந்தயம். வருஷா வருஷம் நவம்பர் மாசத்து முதல் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு. தூரம் 3200 மீட்டர், அதிகபட்சம் 24 குதிரை. அன்னிக்கு மெல்போர்ன் நகரத்துக்கே அரசு விடுமுறை. நம்ம ஊர்ல மழை பெஞ்சா லீவு விடுவாங்க, இங்க குதிரை ஓடுனா லீவு.

முதல்ல கணக்கு. டிக்கெட், ரயில், உள்ள ஒரு பர்கர், ரெண்டு கூல்டிரிங்க்ஸ்னு எனக்கு 150 டாலர் கிட்ட ஆச்சு. கோட்டு ரூம்மேட் கிட்ட இரவல், அதனால அது இலவசம். ஆனா இது பாதிக் கணக்குதான். பெரிய செலவு பர்ஸ்ல இருந்து போகாது. நான் வேலை பாக்குற கடையில விடுமுறை நாள்னா கேஷுவல் ஆளுங்களுக்கு சாதாரண நாளை விட ரெண்டு மடங்கு கூலி. ஆறு மணி நேர ஷிஃப்ட் போனா வரிக்கு முன்னாடி 370 டாலர் பக்கம் வரும். ஸ்டூடன்ட் விசாவுல நமக்கு செமஸ்டர் நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. மணி நேரத்துக்கு அளவு இருக்கிறதால, கூலி அதிகமா கிடைக்கிற மணி நேரம்தான் நமக்குத் தங்கம். அதைத்தான் ரேஸுக்குத் தூக்கிக் குடுக்குறோம். ஆக மொத்தம் 520 டாலர். வீட்டுல என் பங்கு வாடகை ரெண்டு வாரத்துக்குக் கிட்ட வந்துடுது. இதோட நவம்பர் ஆரம்பம்னா பரீட்சை நேரம் வேற.

சரி, இந்த 520 டாலருக்கு என்ன பாத்தேன்?

ரேஸை நான் பாத்தது சுமாரா இருபது வினாடி. பொய் இல்லைங்க. மொத்தப் பந்தயமே மூணு நிமிஷம் இருபது வினாடி பக்கம்தான். ஃப்ளெமிங்டன் ஓடுபாதை ஒரு சுத்து 2300 மீட்டர் சொச்சம். 3200 மீட்டர் ஓடணும்னா, நேர்பாதையில ஆரம்பிச்சு வின்னிங் போஸ்ட்டை ஒரு தடவை தாண்டி, அப்புறம் முழுசா ஒரு சுத்து சுத்தி வரணும். அதாவது வேலி ஓரமா நிக்குற ஆளுக்கு குதிரைங்க ரெண்டு தடவை கண்ணுல படும். வினாடிக்கு 16 மீட்டர் வேகம். நம்ம முன்னாடி இருக்கிற 150 மீட்டரைத் தாண்ட ஒன்பது, பத்து வினாடி. மிச்சமெல்லாம் பெரிய திரையிலதான். அதுவும் முன்னாடி நிக்குற அம்மணி தலையில மயில் தோகை வெச்ச தொப்பி போட்டிருந்தா அதுக்கும் வழி இல்ல.

அன்னிக்கு மொத்தம் பத்து ரேஸ். பத்தையும் கூட்டினா குதிரை ஓடுற நேரம் இருபது நிமிஷத்தைத் தாண்டாது. நீங்க உள்ள இருக்கிறது ஏழு மணி நேரம். பாக்கி நேரம் பூரா க்யூதான். சாப்பாட்டுக்கு, டாய்லெட்டுக்கு, திரும்பி வரும்போது ரயிலுக்கு. 2024-ல வந்த கூட்டம் 90,000-க்கு மேல. 2003-ல 1,22,736 பேர் வந்தாங்களாம், அந்தக் க்யூவை நினைச்சாலே எனக்குக் கால் வலிக்குது.

இவ்ளோ சொல்றியே, அப்ப வேஸ்ட்டான்னு கேட்டா, அதுவும் இல்ல.

மவுன்டிங் யார்டுன்னு ஒரு இடம் இருக்கு. ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னாடி குதிரைங்களை அங்க நடக்க வெப்பாங்க, ஜாக்கிங்க ஏறுவாங்க. நான் அதுவரைக்கும் குதிரைன்னு கிட்டத்துல பாத்தது மெரினா பீச்சுல சவாரிக்கு நிக்குமே, அதைத்தான். இங்க வந்து பாத்தா தோல் கண்ணாடி மாதிரி மின்னுது, கழுத்துல நரம்பு துடிக்குது, சிலது வேர்த்து நுரை தள்ளுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். மூணாவது ரேஸ்ல இருந்து நான் திரையை விட்டுட்டு அங்கேயே நின்னுட்டேன். ரோஜாத் தோட்டம் இன்னொண்ணு. ஆயிரக்கணக்கான செடி, சரியா கப் வாரத்துல பூக்குற மாதிரி கணக்குப் பண்ணி கவாத்து பண்றாங்க. அப்புறம் அந்த மூணு மணி சத்தம். ஸ்டார்ட்டிங் கேட் தொறந்ததும் தொண்ணூறாயிரம் பேர் ஒண்ணா கத்துறது நெஞ்சுக்குள்ள கேக்கும். டிவியில அது வராது.

நான் போன வருஷம் கடைசி எல்லைக்கோட்டுல ரெண்டு குதிரை ஒட்டிக்கிட்டு வந்துச்சு. யார் ஜெயிச்சாங்கன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. போட்டோ பாத்துதான் நைட்ஸ் சாய்ஸ்னு அறிவிச்சாங்க. ஒண்ணுக்குத் தொண்ணூறு குடுக்கிற குதிரை, யாரும் எதிர்பார்க்கல. இது இந்த ரேஸ்ல புதுசும் இல்ல. 2015-ல மிஷெல் பெய்ன், கப் ஜெயிச்ச முதல் பெண் ஜாக்கி, அவங்க ஓட்டின பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் ஒண்ணுக்கு நூறு. ஏன் இப்படின்னா இது ஹேண்டிகேப் ரேஸ். நல்லா ஓடுற குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் கம்மி எடை. எல்லாம் ஒண்ணா வந்து சேரணும்கிறதுதான் நோக்கமே. அதுல போய் நான் குதிரை ஜோசியம் பாத்து ஜெயிக்கிறேன்னு கிளம்பினா என்ன சொல்ல? குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததுன்னு மெட்ராஸ் ரேஸ் கிளப் விவகாரத்துல 1996-லயே நம்ம உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. இருக்கலாம். ஆனா அந்தத் திறமை வேற யார்கிட்டயோ இருக்கு, நம்மகிட்ட இல்ல. அது போக டோட்ல எல்லாரும் கட்டுற பணத்துல ஒரு பங்கை முதல்ல எடுத்துக்கிட்டுத்தான் மிச்சத்தையே பிரிச்சுக் குடுக்கிறாங்க.

குதிரைங்க பக்கமும் சொல்லணும். 2018-லயும் 2020-லயும் கப் ஓடும்போதே எலும்பு முறிஞ்ச குதிரையைக் கருணைக்கொலை பண்ணாங்க. அதுக்கப்புறம் வெளிநாட்டுக் குதிரைகளுக்கு சி.டி. ஸ்கேன் எல்லாம் கட்டாயமாச்சு. 2024-ல கூட ஐரோப்பாவுல இருந்து வந்த யான் ப்ரூகலை ஸ்கேன் பாத்துட்டு ஓட விடல. இருந்தாலும் என் கூடப் படிக்கிற ஒரு பொண்ணு, "நீ டிக்கெட் வாங்கினா நீயும் அதுக்குக் காசு குடுக்கிறதான்"னு சொல்லிட்டா. என்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. மனசு ஒப்பலைன்னா போகாதீங்க, அது முழு நியாயமான காரணம்.

இப்ப முக்கியமான விஷயம். எங்க கூட ரேஸுக்கு வந்த நாலு பேர்ல ஒரு தம்பி, பேர் பிடிச்சிருக்குன்னு நைட்ஸ் சாய்ஸ் மேல போன் ஆப்ல பத்து டாலர் கட்டினான். 900 டாலர் சொச்சம் வந்துச்சு. அவன் குதிச்ச குதி! ராத்திரி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தான். நாங்க மூணு பேரும் தோத்துட்டு, அதோட மறந்துட்டோம். அவனால மறக்க முடியல. கப் வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆனா ஆப்ல தினமும் ஏதாவது ஒரு ஊர்ல ஒரு குதிரை ஓடிக்கிட்டே இருக்கு. பிப்ரவரி கடைசியில செமஸ்டர் ஃபீஸ் கட்டப் போனப்பதான் வீட்டுல இருந்து அனுப்புன பணத்துல 6,000 டாலர் இல்லைன்னு தெரிஞ்சுது. ஆன்லைன் பந்தயத்துக்கு கிரெடிட் கார்டு கூடாதுன்னு 2024 ஜூன்லயே சட்டம் வந்தாச்சு, ஆனா டெபிட் கார்டுக்குத் தடை இல்லையே. நாங்க எல்லாரும் சேர்ந்து பொரட்டி ஃபீஸ் கட்டினோம். அவனே உக்காந்து பெட்ஸ்டாப்ல பேரைப் பதிஞ்சுக்கிட்டான். 2023-ல அரசாங்கம் ஆரம்பிச்ச பதிவேடு அது. பேரைக் குடுத்துட்டா இங்க லைசென்ஸ் வாங்கின எந்த ஆன்லைன், போன் பந்தயக் கம்பெனியும் நம்மைச் சேத்துக்கக் கூடாது. இப்ப வாரத்துக்கு நூறு நூறா எங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறான். ஊர்ல யாருக்கும் தெரியாது.

எங்க தாத்தா ரெண்டு சைக்கிள் கடையில ஒண்ணைக் கிண்டியில விட்டவர். அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "மொத நாள் தோத்திருந்தா கடை தப்பிச்சிருக்கும்டா"ன்னு முடிப்பாங்க. தம்பி விஷயத்துக்கு அப்புறம்தான் அந்த வார்த்தையோட எடை புரிஞ்சுது. கப் டேயில தோக்குறவனுக்குச் செலவு அன்னிக்கே முடிஞ்சுடுது. ஜெயிக்கிறவனுக்குத்தான் எப்ப முடியும்னு தெரியாது.

அதனால என் தீர்ப்பு இதுதான். கூட்டம், தொப்பி, சத்தம், ரோஜா, இதெல்லாம் ஒரு தடவை பாக்கணும்னு ஆசை இருந்து, அந்த வாரம் பரீட்சையும் இல்லைன்னா, போங்க. 520 டாலரும் போச்சுன்னு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எழுதிடுங்க. பந்தயம் கட்டியே ஆகணும்னா இருபது டாலர் நோட்டு ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போய் அங்க நிக்குற புக்கிகிட்ட குடுங்க, போன்ல ஆப் வேண்டவே வேண்டாம். குதிரையைப் பாக்கத்தான் ஆசைன்னா கப் டே தேவையே இல்ல. ஜீலாங், பெண்டிகோ, கைன்டன் மாதிரி ஊர்கள்ல நடக்கிற ரேஸுக்குப் போங்க. கூட்டம் கம்மி, குதிரை பக்கத்துல. ரெண்டும் வேண்டாம்னா ரெட்டைக் கூலி ஷிஃப்ட் போடுங்க. மூணு மணிக்குக் கடையில எல்லாரும் வேலையை நிறுத்திட்டு டிவி முன்னாடி வந்து நிப்பாங்க. ரெண்டு டாலர் போட்டுச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு குதிரை எடுப்பாங்க. நீங்களும் ஒண்ணு எடுத்துக்கலாம், கத்தலாம், கூலியும் வரும். இந்த நவம்பர்ல நான் அதைத்தான் பண்ணப் போறேன்.

லண்டன் பக்கம் இருக்கிறவங்க யாராவது அஸ்காட் போயிருந்தா உங்க கணக்கையும் எழுதுங்கப்பு, ஒப்பிட்டுப் பாப்போம்.